கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: இத்தாலி ஒரே நாடுதானே? வடக்கு, தெற்கு என்று அங்கே ஏன் இத்தனை வேறுபாடு?
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: ஒரே நாடானதே 1861இல்தான் அம்மா. அதுவும் முழுசாக இல்லை. வெனிஸ் 1866இலும் ரோம் 1870இலும்தான் சேர்ந்தன. வடக்கே ஆல்ப்ஸ் மலைப் பனி உருகி ஓடும் ‘போ’ என்ற ஆறு. நம் வைகை போல மணலாகக் கிடக்காது. அங்கே நெல்லே விளைகிறது. ஆலைகளும் மிலான், டுரின் பக்கமே குவிந்தன. தெற்கே கோடையில் காய்கிற பூமி, கோதுமை, ஆலிவ். தென்கோடித் தீவான சிசிலியைக் கிரேக்கர், ரோமர், அரபியர், நார்மானியர் என்று வந்தவரெல்லாம் ஆண்டார்கள். எலுமிச்சையை அங்கே கொண்டுபோனவர்கள் அரபியர்தான்.

ஊர் ஊராகச் சுற்றிய பயணி மார்க்கோ போலோவை இத்தாலியர் என்கிறோம். அவர் காலத்தில் ஏது இத்தாலி? அவர் வெனிஸ்காரர், அவ்வளவுதான். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் கடலின் முத்துக்குளிப்பை விவரித்திருக்கிறார். குளித்தெடுத்த முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. பெரிய மீன்கள் கடிக்காமல் மந்திரத்தால் கட்டுகிறவருக்கு இருபதில் ஒரு பங்கு. நல்ல வருமானம்தான்! அப்புறம், நம் ராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் கிடைத்த ரோமானியக் காசுகள் அவருக்கும் பல நூறு ஆண்டு மூத்தவை.