கலிஃபோர்னியாவில் வேலையிழப்பு உதவித்தொகையைத் திருப்பிக் கட்டச் சொன்னால் கட்டித்தான் ஆகவேண்டுமா?

கூடுதலாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கட்டுங்கள் என்று ஈடிடி (வேலையிழப்பு உதவித்தொகை கொடுக்கும் மாநில அரசுத் துறை) கடிதம் அனுப்பியிருப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். உடனே கட்டிவிடாதீர்கள். முதலில் கடிதத்தைத் தபாலில் அனுப்பிய தேதியைப் பாருங்கள். மேல்முறையீட்டுக்கு அன்றிலிருந்து 30 நாள், உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை. தாண்டிவிட்டாலும் சரி, தாமதத்துக்குத் தகுந்த காரணத்தை எழுதி அனுப்புங்கள், நீதிபதி ஏற்க வாய்ப்புண்டு.

அப்புறம், மோசடி என்று முடிவு செய்திருக்கிறார்களா பாருங்கள். அப்படியென்றால் தொகைக்கு மேல் 30 சதவீத அபராதம், அதிகபட்சம் 23 வாரம் உதவித்தொகை நிறுத்தம், தள்ளுபடியும் கேட்க முடியாது. அதனால் கட்டாயம் எதிர்த்துப் பேசவேண்டியது இதைத்தான். பகுதிநேர வேலை பார்த்தவர்கள் பலர் மாட்டுவது சம்பளக் கணக்கில்: உழைத்த வாரத்தில், வரி பிடிப்பதற்கு முந்தைய முழுத் தொகையைக் காட்டவேண்டும், ஆனால் பேங்கில் ஏறியதை, ஏறிய வாரத்தில் எழுதிவிடுகிறார்கள். இது தெரியாமல் நடந்த பிழை என்றால் சம்பளச் சீட்டுகளை வாரவாரியாக அடுக்கி விசாரணையில் காட்டுங்கள். விசாரிப்பவர் ஈடிடி அதிகாரி இல்லை, தனி மேல்முறையீட்டு வாரியத்தின் நீதிபதி. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள், இலவசம்தான்.

இன்னும் வேலை கிடைக்கவில்லையா, இன்னும் உதவித்தொகைக்குத் தகுதி இருக்கிறது என்று இரண்டு வாரத்துக்கொருமுறை ஈடிடிக்குச் சான்றளிப்பதை நிறுத்தாதீர்கள். வழக்கில் ஜெயித்தாலும் சான்றளிக்காத வாரங்களுக்குப் பணம் வராது.

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவே இல்லாதவருக்கு 1099-ஜி படிவம் (வாங்கிய உதவித்தொகையைக் காட்டும் வரிப் படிவம்) வந்தால் அவர் பெயரில் யாரோ பணம் வாங்கியிருக்கலாம்; அதை உடனே ஈடிடி இணையதளத்தில் மோசடிப் புகாராகக் கொடுக்கவேண்டும்.