ஆரம் எங்கே? வட்டப் பரப்புக் கணக்கில் மார்க் போகும் இடம்

கேள்வி: குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். வட்டத்தின் பரப்புக்குச் சூத்திரம் நன்றாகவே தெரியும். ஆனாலும் மாதிரித் தேர்வுகளில், எனக்கு வரும் விடை ஆப்ஷனில் இருந்தும் தப்பாகிவிடுகிறது. நேரமும் இழுக்கிறது. எப்படிப் போடுவது?
- வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: தப்பான விடையும் ஆப்ஷனில் இருக்கிறது என்கிறீர்களே, கோளாறு அதிலேயே தெரிகிறது. பலரும் எங்கே சறுக்குவார்கள் என்பது கேள்வி தயாரிப்பவருக்குத் தெரியும். சறுக்கினால் வரும் விடையையும் நான்கில் ஒன்றாக வைத்துவிடுவார். விட்டம் 14 செ.மீ. என்று கொடுத்திருக்க, 14-ஐயே ஆரமாக எடுத்தால் 616 வரும். சரியான விடை 154. ஆரம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். அதனால் கேள்வியைப் படித்ததும் ஓரத்தில் 'ஆரம் =' என்று எழுதுங்கள். அது நிரம்பும்வரை பை (π, அதாவது 22/7) பக்கம் போகாதீர்கள்.

200 கேள்விக்கு 3 மணி நேரம் என்றால் ஒரு கேள்விக்கு 54 விநாடிதான். இதில் 22/7-ஐப் பெருக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆரம் 7 என்றால் சுற்றளவு 44, பரப்பு 154. ஆரம் 14-க்கு 88, 616. 21-க்கு 132, 1386. 28-க்கு 176, 2464. 3.5-க்கு 22, 38.5. இவ்வளவும் வாய்ப்பாடு போல வாயில் வர வேண்டும். சுற்றளவு 132 மீ. என்று கொடுத்துப் பரப்பைக் கேட்டால், பேனாவை எடுக்காமலே 1386 என்று சொல்லிவிடலாம். 121 ச.செ.மீ. பரப்புள்ள சதுரக் கம்பியை வட்டமாக வளைக்கும் கணக்கும் இதே கதைதான்: பக்கம் 11, சுற்றளவு 44, ஆகவே வட்டத்தின் பரப்பு 154.

பட்டியலில் இல்லாத எண் வந்தால், ஆரத்தின் வர்க்கத்தை மூன்றால் பெருக்கி, அந்த வர்க்கத்தில் ஏழில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். ஆரம் 10 போல ஏழால் வகுபடாததற்கு 3.14 வசதி. கேள்வியிலேயே பை மதிப்பைக் கொடுத்திருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

படம் போடாமல் செய்யக் கூடாத கணக்கு, மாடு கட்டும் கணக்கு. 20 மீ. பக்கமுள்ள சதுர வயலின் ஒரு மூலையில் முளை அடித்து, 14 மீ. கயிற்றில் மாட்டைக் கட்டினால் எவ்வளவு பரப்பு மேயும்? மூலை 90 டிகிரி என்பதால் கால் வட்டம்தான்: 616-ல் கால் பங்கு, 154 ச.மீ. மேயாத பரப்பைக் கேட்டால் 400 - 154 = 246. வயலுக்குள் கட்டாமல், சுவருள்ள கொட்டகையின் வெளிமூலையில் கட்டினால் முக்கால் வட்டம், 462. கயிறு பக்கத்தைவிட நீளமாக இருந்தால் இந்தக் கணக்கு ஒத்துவராது. அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது வட்டக் குளத்தைச் சுற்றிய பாதையின் பரப்பு. குளத்தின் விட்டம் 28 மீ., பாதையின் அகலம் 3.5 மீ. என்று வைத்துக்கொள்வோம். அகலத்தை விட்டத்தோடு ஒரு தரம் கூட்டி 31.5 என்று எடுப்பதுதான் வழக்கமான பிழை. பாதை இரண்டு பக்கமும் இருக்கிறதே! ஆரத்தோடு கூட்டினால் இந்தக் குழப்பம் வராது: வெளி ஆரம் 17.5, உள் ஆரம் 14. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கழிக்க வேண்டாம். கூட்டுத்தொகை 31.5, வித்தியாசம் 3.5, இரண்டையும் பெருக்கி 22/7-ஆல் பெருக்குங்கள். 31.5-ஐ ஏழால் வகுத்தால் 4.5, அதை 22-ஆல் பெருக்க 99, அதை 3.5-ஆல் பெருக்க 346.5 ச.மீ. ஆப்ஷனில் 38.5 இருந்தால், அது 3.5-ஐ ஆரமாக எடுத்தவர்களுக்கு வைத்த பொறி.

சதவீதக் கேள்விக்குச் சூத்திரமே தேவையில்லை. ஆரம் 10 சதவீதம் கூடினால் 1.1 × 1.1 = 1.21, அதாவது பரப்பு 21 சதவீதம் கூடும். 10 சதவீதம் குறைந்தால் 0.9 × 0.9 = 0.81, ஆகவே 19 சதவீதம்தான் குறையும். 20 என்று குறித்துவிடாதீர்கள்.

கடைசியாக அலகு. ஒரு மீட்டருக்கு 100 செ.மீ. என்பதால் ஒரு சதுர மீட்டருக்கும் 100 என்று கை தானாகப் போகும். உண்மையில் 10,000 ச.செ.மீ. நம் பக்கத்தில் நிலம் அளக்கும் குழிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: 12 அடிக்கு 12 அடி அளந்தால் 144 சதுர அடி, ஒரு குழி. அதை யாரும் 12 சதுர அடி என்று சொல்வதில்லையே.