மாதக் கடைசியிலும் வயிறு நிறைய இரவுச் சாப்பாடு

கேள்வி: "கொழும்பில் கணவன், மனைவி இரண்டு பேருமே வேலைக்குப் போகிறோம். வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளை. இரவில் களைத்துப்போய் வந்து இடியப்பப் பார்சலோ கொத்து ரொட்டியோ வாங்கியே காசு கரைகிறது. வீட்டில் சமைத்தால் சோறும் பருப்பும்தான். பிள்ளை தட்டைப் பார்த்துவிட்டு 'இவ்வளவுதானா' என்கிறது. குறைந்த செலவில் திருப்தியாக என்ன சமைக்கலாம்?"

நான் கொட்டாஞ்சேனையில் நான்கு பேருக்குச் சமைக்கிறேன். மாமி, என் கணவர், மகன், நான். உங்கள் கேள்விக்கு என் பதில் தேங்காயில் இருந்துதான் தொடங்கும்.

எங்கள் சமையலில் செலவு ஒளிந்திருக்கும் இடம் அதுதான். சம்பலுக்குத் தேங்காய், சொதிக்குத் தேங்காய், பருப்புக்குப் பால், ரொட்டிக்கும் பிட்டுக்கும் திருவிய தேங்காய்ப்பூ. அரிசி அளக்கும் சுண்டில் அரைவாசியைக் குறைத்து மிச்சம் பிடிக்கப் பார்க்கிறோம். அதே இரவில் மூன்று கறிக்குப் பால் விட்டு ஒரு முழுத் தேங்காயை முடித்துவிடுகிறோம். 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது: ஓர் இரவுக்கு ஒரு பாதிதான். என்ன கறி என்று யோசிக்கமுன் இன்றைய பாதி எதற்குப் போகிறது என்று முடிவெடுப்போம். சம்பலுக்கு என்றால் பருப்பில் பால் இல்லை, தாளித்து இறக்குவோம். சொதிக்கு என்றால் பக்கத்தில் தேங்காய் சேராத கட்டைச் சம்பல். இப்படிப் பிரித்துச் சமைத்தால் ருசி குறைவதில்லை. ஒவ்வொரு இரவும் வேறு மாதிரி இருப்பதால் பிள்ளைகளுக்கு அலுக்காது.

உங்கள் பிள்ளை 'இவ்வளவுதானா' என்று கேட்பதை நான் பிடிவாதம் என்று சொல்லமாட்டேன். தட்டில் வயிற்றை நிரப்ப ஒன்று வேண்டும், அதை நனைக்க ஒன்று வேண்டும், நாக்குக்கு உறைப்பாகவோ புளிப்பாகவோ மொறுமொறுப்பாகவோ ஒன்று வேண்டும். காசு இறுகும்போது நாங்கள் முதலில் விடுவது அந்த மூன்றாவதைத்தான். சோறும் பருப்பும் இரண்டுமே குழைவான சாப்பாடு. எவ்வளவு சாப்பிட்டாலும் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். அந்தக் குறையைத் தீர்க்க இறைச்சி தேவையில்லை.

நெத்தலிக் கருவாடு போதும். 100 கிராம் நான்கு பேருக்குக் காணும். தலையைக் கிள்ளி எறிந்து, சுடுதண்ணீரில் இரண்டு தரம் கழுவி உப்பைப் போக்குங்கள். பிறகு ஒரு துணியில் பரப்பி ஈரத்தை நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும், நெத்தலியும் மொறுமொறுக்காது. தாச்சியில் கொஞ்ச எண்ணெய், நடுத்தரமான நெருப்பு. பொன்னிறம் வந்து, கிளறும்போது சலசலவென்று சத்தம் கேட்கத் தொடங்கியதும் எடுத்து வேறாக வையுங்கள். பிள்ளைக்கு உறைப்பு ஆகாது என்றால் அவர் பங்கை இப்போதே ஒதுக்கிவிடலாம். அதே எண்ணெயில் நீட்டுக்கு அரிந்த வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த செத்தல் மிளகாய். வெங்காயத்தின் ஓரம் சிவந்ததும் அடுப்பை நிறுத்தி, நெத்தலியைத் திரும்பப் போட்டு, அரைத் தேசிக்காய் பிழிந்து பிரட்டுங்கள். நெத்தலியை வெங்காயத்தோடு சேர்த்தே வதக்கினால் வெங்காயத் தண்ணீரில் நெகிழ்ந்துபோகும். அதற்காகத்தான் வேறாக எடுப்பது. இது பக்கத்தில் இருந்தால் அதே சோறும் பருப்பும் ஒரு முழுச் சாப்பாடாகிவிடும்.

இனி பருப்பு. வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்வது, பருப்பை இரண்டு இரவுக்குச் சேர்த்து அவியுங்கள், பாலை மட்டும் அன்றன்றைக்கு விடுங்கள். கொழும்பு வெக்கையில் தேங்காய்ப்பால் விட்ட கறி விடிவதற்குள் புளித்துவிடும். பால் விடாத பருப்பு ஆறியவுடன் குளிர்சாதனப்பெட்டியில் வைத்தால் மறுநாள் இரவும் நன்றாக இருக்கும். இரண்டு கோப்பை மைசூர்ப் பருப்பைக் கழுவி, ஆறு கோப்பை தண்ணீர், மஞ்சள், தட்டிய உள்ளி நாலு பல்லு, கீறிய பச்சை மிளகாய், ஒரு துண்டு இரம்பை இலை போட்டு அவியுங்கள். 20 நிமிடம் காணும். பாதியை எடுத்து வையுங்கள். மற்றப் பாதிக்கு உப்பும் கட்டிப்பாலும் விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். மறுநாள் எடுத்துவைத்த பருப்பில் ஒரு கட்டு கீரையை அரிந்து போட்டு, கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம் தாளித்துக் கொட்டினால் அது முற்றிலும் வேறு கறி. பாலே வேண்டாம். கீரை எது மலிவோ அது: கங்குன், பொன்னாங்காணி, முளைக்கீரை.

மைசூர்ப் பருப்பு இங்கே விளைவதில்லை. பெரும்பாலும் கனடாவில் இருந்தும் அவுஸ்திரேலியாவில் இருந்தும் வருகிறது. டொலர் ஏறினால் பருப்பும் ஏறும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டபோது எங்கள் வீட்டில் பயறும் கௌபியும் இரவுச் சாப்பாட்டுக்குள் வந்தன. இரண்டும் இந்த மண்ணில் விளைகிறவை. காலையில் வேலைக்குப் போகமுன் கௌபியை ஊறப்போட்டால் இரவில் பிறஷர் குக்கரில் கெதியில் அவிந்துவிடும். அவித்த கௌபி, தேங்காய்ச் சம்பல், ஒரு துண்டு கருவாட்டுப் பொரியல். அன்று சோறே வேண்டாம். எங்கள் மாமி இதைக் காலைச் சாப்பாடு என்றுதான் சொல்லுவா, ஆனால் இரவிலும் ஆசையாகச் சாப்பிடுவா.

சம்பலைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் பாதித் தேங்காயை நான்கு பேருக்குப் போதவைக்கும் வித்தை அதில்தான் இருக்கிறது. தேங்காய்ப்பூவையும் மிளகாய்த்தூளையும் சும்மா குழைத்தால் நிறையப் பூ வேண்டும், ருசியும் வராது. முதலில் செத்தல் மிளகாயும் உப்பும் இடியுங்கள். அதோடு சின்ன வெங்காயத்தைத் தாராளமாகப் போட்டு நசியும்வரை இடியுங்கள். வெங்காயச் சாறும் மிளகாயும் சேர்ந்து சிவந்த பிறகுதான் பூ. அதையும் லேசாக இரண்டு இடி, அவ்வளவுதான். தேசிக்காய் கடைசியில். மாசிக் கருவாடு இருந்தால் ஒரு சின்னத் துண்டை மிளகாயோடு சேர்த்து இடிக்கலாம், இல்லாவிட்டாலும் குறையில்லை.

கடைச் சாப்பாட்டை ஒரேயடியாக விடச் சொல்லமாட்டேன். இடியப்பத்தைக் கடையில் வாங்குங்கள். வேலை முடிந்து வந்து மா குழைத்து, பிழிந்து, தட்டுத் தட்டாக அவிப்பது உங்களுக்கும் களைப்பு, சமையல் காஸுக்கும் செலவு. ஆனால் சொதியும் சம்பலும் வீட்டில் செய்யுங்கள். கடைச் சொதி வெறும் மஞ்சள் தண்ணீராக இருக்கும் நாட்கள்தான் அதிகம். காசைத் தின்பது கொத்தும் பிரைட் ரைஸும்தான். அதை மாதத்தில் சம்பளம் வரும் கிழமைக்கு ஒதுக்கிவையுங்கள், பிள்ளையும் எதிர்பார்த்து இருக்கும்.

சொதிக்கு ஒரு கவனம். இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி, வெந்தயம், மஞ்சள் எல்லாம் அவிந்த பிறகு முதற்பாலை விட்டு, அகப்பையை எடுக்காமல் துழாவிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் நுரை கட்டும்போது இறக்கிவிடுங்கள், கொதிக்கவிட்டால் திரைந்துவிடும். தேசிப்புளி இறக்கிக் கொஞ்சம் ஆறிய பிறகு. பால் பிழிந்த பூவை எறியாதீர்கள். மறுநாள் ரொட்டி மாவில் சேர்த்துக் குழைத்தால் ரொட்டி நல்ல மெதுவாக வரும்.

காஸும் சாப்பாட்டுச் செலவுதான். 2022இல் 12.5 கிலோ சிலிண்டருக்காக வரிசையில் நின்ற எவரும் அதை மறக்கமாட்டார்கள். சிவப்பரிசியைச் சமைக்கமுன் அரை மணித்தியாலம் ஊறவிட்டால் அடுப்பு நேரம் கணிசமாகக் குறையும். வந்ததும் அரிசியை ஊறப்போட்டுவிட்டுக் குளிக்கப் போங்கள்.

மீன் வேண்டும் என்றால் சாளை, சூடை மாதிரிச் சின்ன மீன். பாரை, அறக்குளா விலையைப் பார்த்து மனம் நொந்துகொள்ளத் தேவையில்லை, கொறுக்காய்ப்புளி போட்டுத் தடிப்பாக வைத்த சாளைக் கறிக்கு அவை கிட்டவும் வராது. புளியில் வைத்த கறி மறுநாளும் நிற்கும் என்பதால் செலவும் ஒன்று, வேலையும் ஒன்று. டின் மீன் வாங்கினால் 425 கிராம் டின் ஒன்றை இரண்டாகப் பிரியுங்கள்: பாதியை உருளைக்கிழங்கோடு பிரட்டல், மற்றதை வேறொரு பாத்திரத்தில் மாற்றிக் குளிரில் வைத்து அடுத்த நாள் வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காயோடு சம்பல்.

காலம் வரும்போது பலாக்காயையும் ஈரப்பலாக்காயையும் தவறவிடாதீர்கள். கொழும்பில் தெருவோரங்களில் சுளையைத் துப்புரவாக்கிப் பையில் கட்டியே விற்கிறார்கள். அவித்த பலாச்சுளையும் சம்பலும் ஒரு குடும்பத்தின் இரவுப் பசியைத் தாராளமாகத் தீர்க்கும். கொட்டையை எடுத்து வைத்தால் இன்னொரு நாள் கறி. பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ் என்பவர் பஞ்சத்தில் சனம் பசி கிடக்கக்கூடாது என்று நாடு முழுக்கப் பலாக் கன்றுகளை நடவைத்தார். சிங்களவர்கள் அவரைக் 'கொஸ் மாமா', அதாவது பலாக்காய் மாமா, என்றே சொல்வார்கள். இன்று எங்கள் வளவுகளில் நிற்கும் பலாவைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதருக்கு நன்றி சொல்லத் தோன்றும்.

வாங்குவதைப் பொறுத்தவரை, புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெருவில் பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய் எல்லாம் மொத்த விலைக்கு வாங்கலாம். ஆனால் தனியே போய் முச்சக்கரவண்டியில் ஏற்றி வந்தால் மிச்சம் பிடித்தது வாடகைக்கே போய்விடும். பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து வாங்கிப் பிரியுங்கள். பேலியகொடை மெனிங் சந்தையும் அப்படித்தான், ஒரு வீட்டுக்கு ஒரு கிழமைக்கு வேண்டிய மரக்கறிக்காக அவ்வளவு தூரம் போவது பிரயோசனமில்லை.

கடைசியாகப் பிட்டு, ஏனென்றால் உங்கள் மாதிரி வீட்டுக்கு இதைவிடக் கைகொடுப்பது வேறில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கோதுமை மாவைத் துணியில் கட்டி நீராவியில் அவித்து, சூடு ஆறமுன் கட்டிகளை உடைத்து அரித்து, ஆறியதும் காற்றுப் போகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள். இரண்டு தேங்காயையும் அன்றே திருவிப் பாதிப் பாதியாகப் பைகளில் கட்டி உறைபெட்டியில் வைக்கலாம். வார நாளில் வந்ததும் மாவுக்கு உப்புத் தண்ணீர் தெளித்து, சுண்டின் விளிம்பால் கொத்திக் கொத்திச் சின்ன மணிகளாக்கி, ஒரு பிடி பூ கலந்து அவித்தால் முடிந்தது. நீராவி ஏறுகிற நேரத்தில் பருப்பைச் சூடாக்கி நெத்தலியைப் பொரித்துவிடலாம். மிஞ்சும் பிட்டைக் குளிரில் வைத்து, காலையில் வெங்காயம் வதக்கி, ஒரு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினால் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டிக்கும் ஆயிற்று.