கார்த் தகட்டில் துரு ஓட்டைகள்: கேள்வி பதில்

கேள்வி: தூத்துக்குடியில் வசிக்கிறேன். காரின் முன்கதவு அடியில் மிளகளவு ஓட்டைகள் விழுந்தன. டிங்கரிங் கடையில் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்துப் பெயிண்ட் அடித்தார்கள். ஒரு மழைக்காலத்துக்குள் அதே இடம் கொப்புளித்துவிட்டது. பட்டி தரமற்றதா?

பதில்: பட்டியின் மேல் பழி போட வேண்டாம். கதவடித் துரு பெரும்பாலும் உள்ளிருந்தே வெளியே வருகிறது. கண்ணாடியை ஒட்டி உள்ளே இறங்கும் மழைநீர், கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள் வழியே வெளியேற வேண்டும். சருகும் மண்ணும் அவற்றை அடைத்துவிட்டால், நீர் தகட்டின் மடிப்பில் தேங்கி, கடற்கரை ஊரின் உப்பும் சேர்ந்துகொள்ள, உட்புறத்தை அரித்துக்கொண்டே போகிறது. வெளியே ஓட்டை தெரியும் நாளில் அதைச் சுற்றியுள்ள தகடும் மெலிந்திருக்கும். பட்டி ஈரத்தை உறிஞ்சக்கூடியது என்பதால், ஓட்டையை அதைக் கொண்டே அடைத்தால் பின்புறத்திலிருந்து ஈரம் ஏறிப் பெயிண்டைத் தூக்கிவிடும்.

ஆகவே உள்பக்க அட்டையைக் கழற்றி, வடிகால் துளைகளைத் திறந்து, மண்ணைக் கழுவி, நன்றாக உலர விடுங்கள். பிறகு ஸ்க்ரூடிரைவர் முனையால் ஓட்டையைச் சுற்றிக் குத்திப் பாருங்கள்; அமுங்கும் இடமெல்லாம் வெட்டியெறிய வேண்டியதே. ஓட்டை பெரிதாகிறதே என்று கை தயங்கினால், செய்த வேலையையே மறுபடி செய்ய நேரும்.

கேள்வி: வெட்டிய இடத்தில் வெல்டிங் நல்லதா, ஃபைபர் (கண்ணாடியிழை) ஒட்டுவது நல்லதா?

பதில்: வெல்டிங்தான். கார்த் தகடு ஏறக்குறைய 0.7 அல்லது 0.8 மி.மீ. கனமே உடையது, கேஸ் வெல்டிங்கின் சூடு பரவி அதை எளிதில் நெளித்துவிடும். 0.6 மி.மீ. கம்பியுடன் மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக வந்து உருகும் மின்வெல்டிங்), ஒரே கோடாக இழுக்காமல், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, இடையிடையே ஆறவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். ஒட்டுத் தகட்டை மேலே போர்த்தாமல் விளிம்போடு விளிம்பு பொருத்துவது மேல்; ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடுக்கில் ஈரம் குடியேறிவிடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், அருகிலுள்ள ரெக்சினையும் பஞ்சையும் அகற்றுவதும் கட்டாயம். கதவு, மட்கார்டு போன்றவற்றில் எபாக்சி ரெசினுடன் ஃபைபர் ஒட்டுவது சில காலம் தாங்கும். அதைத் தற்காலிக ஏற்பாடாகவே கொள்ள வேண்டும்.

கேள்வி: ரன்னிங் போர்டு (கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் உடற்பகுதி) ஓட்டைக்கும் ஃபைபர் போதுமா?

பதில்: போதாது. தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) இல்லாத இன்றைய கார்களில் அப்பகுதியும் வண்டியின் பாரத்தைச் சுமக்கிறது. சீட் பெல்ட், சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களுக்கும் இதுவே விதி. அங்கே உரிய கனத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும்.

கேள்வி: துருவை மாற்றும் திரவத்தைத் தடவினால் வெல்டிங்கைத் தவிர்க்கலாமா?

பதில்: பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம் கொண்ட அத்திரவங்கள் மேற்பரப்புத் துருவை நிலையான படலமாக மாற்றும், போன இரும்பைத் திருப்பித் தரமாட்டா. கம்பி பிரஷ் எட்டாத குழிகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: வெல்டிங் முடிந்த பின்?

பதில்: தேய்த்த இரும்பை இரவு முழுதும் வெறுமனே விடாமல் அன்றே எபாக்சி பிரைமர் (துரு தடுக்கும் அடிப்பூச்சு) அடியுங்கள். அதன்மேல் பட்டி மெல்லியதாக, 2 அல்லது 3 மி.மீ.க்கு மிகாமல் இருக்கட்டும். பெயிண்ட் முழுவதும் காய்ந்தபின், நீண்ட குழாயால் கதவின் உள்மடிப்புகளில் மெழுகு தெளிக்க வேண்டும். பல கடைகள் விட்டுவிடும் வேலை இதுதான், கேட்டு வாங்குங்கள். தெளித்த மெழுகு வடிகால் துளைகளை அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.