42 பிள்ளைகள், ஒரே ஒரு செல்போன்

கேள்வி: ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 42 பிள்ளைகள். யாருக்கு எது புரியவில்லை என்று அன்றன்றே தெரிய வேண்டும். வகுப்பில் இருப்பது என் செல்போன் மட்டும்தான். வழி உண்டா?
– ஆசிரியை, பெரம்பூர்

பதில்: உண்டு. பிளிக்கர்ஸ் என்ற செயலிக்கு உங்கள் போனும் இணைய இணைப்பும் போதும். பிள்ளைகள் கையில் அச்சடித்த அட்டை இருந்தால் சரி. ஒவ்வொரு அட்டையிலும் ஓர் எண்ணும் கறுப்பு வெள்ளைக் கட்டமும் இருக்கும். நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. தாங்கள் நினைக்கும் விடை மேலே வரும்படி பிள்ளைகள் அட்டையைத் தூக்கிப் பிடிப்பார்கள். நீங்கள் கேமராவை வகுப்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாக நகர்த்தினால் எல்லாம் பதிவாகிவிடும். எழுத்து பொடியாக இருப்பதால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் காப்பியடிப்பதும் எளிதல்ல.

வழக்கமான தொகுப்பில் 40 அட்டைகள்தான். உங்களுக்கு 63 அட்டைத் தொகுப்பு தேவை. அட்டை எண்ணும் வருகைப் பதிவேட்டு எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். பளபளப்பான லேமினேஷன் வேண்டாம், டியூப்லைட் வெளிச்சம் பட்டால் கேமரா படிக்காது. விரல் கட்டத்தை மறைத்தாலும் அப்படித்தான். ஓரத்தில் பிடிக்கப் பழக்குங்கள்.

இதெல்லாம் எளிது. உண்மையான வேலை கேள்வி தயாரிப்பதில் இருக்கிறது. தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தவறைக் காட்டிக்கொடுக்க வேண்டும். 1/2 + 1/3 எவ்வளவு? சரியான விடை 5/6. 2/5 என்றவர் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறார். 2/6 என்றவருக்குப் பொதுப் பகுதி தெரியும், தொகுதியை மாற்ற மறந்துவிட்டார். 1/6 என்றவர் பெருக்கிவிட்டார். பாதி வகுப்பு 2/5 காட்டினால் மறுநாள் எல்லோருக்கும் மீண்டும் நடத்துங்கள். நாலைந்து பேர் என்றால் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் போதும். ஒரு வகுப்புக்கு இரண்டு மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: கூகுள் ஷீட்டில் மதிப்பெண் ஏற்றும்போது, தேர்வுக்கு வராதவர்களுக்கு 0 போடலாமா?
– ஆசிரியர், அம்பத்தூர்

பதில்: கூடாது. சராசரி காணும் சூத்திரம் 0-வையும் ஒரு மதிப்பெண்ணாகச் சேர்த்துக்கொள்ளும். கட்டத்தைக் காலியாக விட்டாலோ 'வரவில்லை' என்று எழுதினாலோ கணக்கில் எடுக்காது. இன்னொரு தொல்லை: 8/10 என்று தட்டினால் ஷீட் அதைத் தேதியாக்கிவிடும். மொத்த மதிப்பெண்ணைத் தலைப்பில் போட்டுவிட்டு, கட்டத்தில் 8 மட்டும் எழுதுங்கள். 'மாதத் தேர்வு' என்று ஒரே பத்தி (மேலிருந்து கீழாக வரும் நெடுவரிசை) போடுவதால் பெரிய பயனில்லை. பின்னம், தசமம், கோணம் என்று திறனுக்கு ஒரு பத்தி போட்டு, பாதிக்குக் கீழ் வந்தால் சிவப்பாகும்படி நிபந்தனை வடிவமைப்பும் கொடுங்கள். பத்தி முழுக்கச் சிவந்தால் பாடத்தை மறுபடி நடத்த வேண்டும். வரிசை சிவந்தால் அந்தப் பிள்ளையோடு உட்கார வேண்டும்.

கேள்வி: மதிப்பெண் ஏற்றிய கூகுள் ஷீட்டின் லிங்க்கைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?
– ஆசிரியை, தாம்பரம்

பதில்: வேண்டவே வேண்டாம். ஒருவர் பிள்ளையின் மதிப்பெண் ஊருக்கே தெரிந்துவிடும். மற்றவர்களின் வரிசையை மறைத்து வைப்பதும் காப்பாகாது. நகல் எடுப்பவர் அதை விரித்துப் பார்த்துவிடலாம். அந்தந்தப் பிள்ளையின் வரிசையை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அவரவர் வீட்டு எண்ணுக்குத் தனியாக அனுப்புங்கள். பிளிக்கர்ஸ் போன்ற வெளிச் செயலிகளில் பெயருக்குப் பதில் பதிவேட்டு எண்ணை மட்டும் ஏற்றினாலே வேலை நடக்கும்.