சினைப்பைக்குள் தைராய்டு எப்படி வந்தது?

கேள்வி: எனக்கு வயது 38. இரண்டு குழந்தைகள். அடிவயிறு கனமாகவே இருந்ததால் ஸ்கேன் எடுத்தோம். இடது சினைப்பையில் 7 செ.மீ. கட்டி இருந்தது. சினைப்பையோடு சேர்த்து அதை அகற்றிவிட்டார்கள். பயாப்ஸி அறிக்கையில், 'ஸ்ட்ருமா ஓவரி, தீங்கற்றது. பெரும்பகுதி தைராய்டு திசு' என்று இருக்கிறது. கழுத்திலிருந்து புற்றுநோய் பரவியிருக்குமோ என்ற பயத்தில் தூக்கமே இல்லை. கர்ப்பப்பையையும் இன்னொரு சினைப்பையையும் எடுத்துவிடச் சொல்கிறார் நாத்தனார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். கழுத்திலிருந்து எதுவும் இறங்கி வரவில்லை. அந்தத் திசு சினைப்பையிலேயே பிறந்தது.

தாயின் வயிற்றில் இருக்கும்போதே பெண் சிசுவின் சினைப்பையில் முட்டைகள் உருவாகிவிடுகின்றன. ஒரு முழு உடலையே படைக்கும் ஆற்றல் கொண்டவை அவை. விந்தணு வந்து சேரும்வரை அந்த ஆற்றல் அடங்கியிருக்கும். எப்போதாவது ஒரு முட்டை காத்திருக்காமல் தானாகவே பிளவுபடத் தொடங்கிவிடுகிறது. தந்தையின் பங்கு இல்லை என்பதால் அது குழந்தையாக முடியாது. ஆனால் தோல், முடி, பல், கொழுப்பு, எலும்பு என்று கிடைத்த வழியிலெல்லாம் வளரும். இதைத்தான் டெர்மாய்டு கட்டி என்கிறோம். இளம்பெண்களிடம் சாதாரணமாகக் காணப்படுவது. திருமணமாகாத பெண்ணின் கட்டியில் முடியும் பல்லும் இருந்ததென்று கேட்டு, கர்ப்பமோ என்று கலங்கிய தாய்மார்களுக்கு நான் பலமுறை இதைச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை.

கருவில் தைராய்டு சுரப்பி நாக்கின் அடிப்பகுதியில் முளைத்து, பிறகே கழுத்துக்கு இறங்குகிறது. எல்லாத் திசுக்களையும் உருவாக்க முயலும் அந்த முட்டை தைராய்டையும் உருவாக்குவதில் வியப்பில்லை. கட்டியில் பாதிக்கு மேல் தைராய்டாகவே இருந்தால் அதற்கு ஸ்ட்ருமா ஓவரி என்று பெயர். இது அரிது. டெர்மாய்டு கட்டிகளில் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது. மிக மெதுவாக வளரும் என்பதால் உங்களுக்குள் பல ஆண்டுகளாகவே இருந்திருக்கலாம்.

இவற்றில் ஒரு சிறு பகுதி புற்றுநோயாக மாறுவதுண்டு. உங்கள் அறிக்கை 'தீங்கற்றது' என்றே சொல்கிறது. கட்டியும் முழுதாக வெளியே வந்துவிட்டது. ஆகவே கர்ப்பப்பையையும் வலது சினைப்பையையும் எடுக்க எந்தக் காரணமும் இல்லை. 38 வயதில் இரண்டு சினைப்பைகளையும் இழந்தால் மாதவிடாய் உடனே நின்றுவிடும். எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். நாத்தனார் அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் இந்த யோசனையை ஏற்காதீர்கள்.

அறுவைக்கு முன்பு படபடப்பு, காரணமில்லாத எடைக் குறைவு, கை நடுக்கம் இருந்தனவா? சிலரிடம் இந்தக் கட்டி ஹார்மோனை அதிகமாகச் சுரந்து, கழுத்திலுள்ள சுரப்பியை உறங்க வைத்துவிடும். கட்டியை எடுத்தபின் அது விழித்தெழச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை சோர்வு இருக்கும். எனவே தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனையும் கழுத்துக்கு ஒரு ஸ்கேனும் செய்துகொள்ளுங்கள். அரிதான கட்டி என்பதால் பயாப்ஸி ஸ்லைடுகளை இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரும் பார்ப்பது நல்லது. மறுபக்கச் சினைப்பையிலும் டெர்மாய்டு வர வாய்ப்பு உண்டு; ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன் பாருங்கள். டி.எஸ்.ஹெச். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.