கண்ணீரும் காரணமும்

அன்புள்ள ஐயா,

மேலூர் அருகே ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். தாது வருஷப் பஞ்சம் பற்றிய பாடத்தில், எலும்பும் தோலுமான மனிதர்களின் புகைப்படங்களைச் சோக இசையுடன் திரையில் காட்டினேன். பிள்ளைகள் அழுதார்கள். மறுவாரத் தேர்வில் பஞ்சத்தின் காரணங்களை ஒருவர்கூடச் சரியாக எழுதவில்லை. பாடத்தில் உணர்ச்சியைக் கலக்கக் கூடாது என்கிறார் தலைமையாசிரியர். அது சரியா? ஆசிரியர் வகுப்பில் கண்கலங்கலாமா? திரையின் பின்னணிக்கு எந்த நிறம் நல்லது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

கடைசி வரிசைப் பிள்ளைக்கு எழுத்து தெரிகிற எந்த நிறமும் நல்ல நிறம்தான். கண்கலங்குவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தலைமையாசிரியரின் கருத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் நீங்கள் செய்ததையும் ஏற்க முடியவில்லை. 1876-78 பஞ்சத்தில் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தவர்களை ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி நிறுத்திவைத்துப் படமெடுத்தார். பெயர்கூட எஞ்சாத அந்த முகங்களுக்குப் பின்னால் இசையை ஓடவிட நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பிள்ளைகள் அழுதது பஞ்சத்துக்காகவா, இசைக்காகவா என்று உங்களால் சொல்ல முடியுமா?

1994இல் காஹில், மெக்கா (McGaugh) என்ற நினைவாற்றல் ஆய்வாளர்களின் குழுவினர் ஒரே படத்தொடரை இரண்டு விதமான கதைகளோடு காட்டி, ஒரு வாரம் கழித்து நினைவைச் சோதித்தார்கள். சிறுவன் விபத்தில் அடிபடுவதாகக் கதை கேட்டவர்களுக்கு, அந்த விபத்து வருகிற நடுப்பகுதியே கூடுதலாக நினைவில் நின்றது. உணர்ச்சி எதன்மீது அமர்கிறதோ அதையே மனம் பற்றிக்கொள்கிறது. உங்கள் வகுப்பில் அது முகங்களோடு நின்றுவிட்டது. காரணங்கள் அடுத்த திரையில் உயிரற்ற வரிகளாகக் கிடந்தன.

மதுரையில் எனக்கு வரலாறு நடத்திய வாத்தியார், இதே பாடத்துக்குக் கீழமாசி வீதியிலிருந்து சோளம் வாங்கிவந்தார். ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம், எங்கள் கண்ணெதிரே தராசில் நிறுத்து மேசையில் கொட்டினார். 1877இல், செலவைக் குறைப்பதற்காக வைஸ்ராய் லிட்டனின் அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று விதித்ததைச் சொல்லிவிட்டு, “போதுமா?” என்று மட்டும் கேட்டார். கல்குவாரித் தொழிலாளியின் மகன் ஒருவன் எழுந்து, “எங்க அப்பாவுக்கு ஒரு வேளைக்கே பத்தாது சார்” என்றான். பிறகுதான், அதே காலத்தில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறியதை வாத்தியார் சொன்னார். எங்களுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. யார் அனுப்பினார்கள், ஏன் தடுக்கவில்லை என்று அந்தக் கோபமே எங்களைக் கேட்கவைத்தது. வாத்தியார் குரலை உயர்த்தவே இல்லை. உணர்ச்சியை அவர் பாடத்தில் கலக்கவில்லை. பாடத்துக்குள்ளேயே இருந்ததை எடுத்து மேசையில் வைத்தார்.

படங்களை நீக்கச் சொல்லவில்லை, அம்மா. முதலில் தானியத்தை நிறுத்துக் காட்டுங்கள். பிறகு ஒரே ஒரு படத்தை, இசையில்லாமல், அதை எடுத்தவர் யார் என்பதையும் சொல்லிக் காட்டுங்கள். அதற்கடுத்த தேர்வில் பிள்ளைகள் எழுதுவதைப் படிக்க விரும்புகிறேன், அவசியம் அனுப்புங்கள்.